மாதிரி விமானமும் மனச்சான்றும்

போர்க் கருவிகளின் மாதிரிகளைச் செய்து அலமாரியில் அடுக்கி வைப்பது கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற பொழுதுபோக்குத்தானா? பெற்றோர் சிலர் இக்கேள்வியை நம்மிடம் கேட்டதுண்டு. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது. ஆயினும், பிள்ளைகள் செய்வது இன்னதென அறியாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. எனவே நம் பங்கைச் சார்ந்த கல்லூரி மாணவன் ஒருவனுடன் சில மாதங்கள் அமர்ந்து, அவன் தேடியவற்றை நாமும் தேடிப் பார்த்தோம். அதனால் விளைந்த சிந்தனைகளையே இங்கே எழுதுகிறோம்.

இக்கலையை அறியாதோர்க்கு ஒரு விளக்கம். பிளாஸ்டிக் உதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டி கடைகளில் கிடைக்கும். உண்மை விமானத்தின் நீளத்தில் 72இல் ஒரு பங்கு என்பது பெரிதும் வழங்கும் அளவு. பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி, நீரில் நனைத்தால் தாளைவிட்டு வழுகி வரும் மெல்லிய அடையாளப் படங்களை உரிய இடங்களில் பதிப்பர். ஒட்டும் வேலை சில நாள்களில் முடிந்துவிடும். எந்த ஆண்டின் விமானம், எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது, அதன் எண் யாது, இறக்கையின்கீழ் எந்த ஆயுதம் தொங்கியது என்று தேடுவதே மாதக்கணக்கில் நீளும் வேலை. அத்தேடலில்தான் இக்கலையின் சுவையும் இருக்கிறது. அதன் சோதனையும் இருக்கிறது.

மாணவன் முதலில் எடுத்துக்கொண்டது நம் நாட்டு விமானப்படையின் ‘நாட்’ என்னும் சிறு போர்விமானம். பெயருக்குச் சிறு கொசு என்று பொருள். ஆங்கிலேயரான பெட்டர் என்பவர் அதை வடிவமைத்தார். 1955ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. பின்னர் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையிலும் அது கட்டப்பெற்றது. ஏறத்தாழ 8.7 மீட்டர் நீளம்; மாதிரியில் அது 12 சென்டிமீட்டர், நம் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இங்கேயே முதல் சிக்கல் எழுந்தது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பல்லாண்டுகள் விற்றுவந்த நாட் பெட்டி, இருவர் அமரும் பயிற்சி விமானத்தின் மாதிரியாகும். 1965 முதல் 1979 வரை ‘ரெட் ஏரோஸ்’ சாகசக் குழுவினர் பறந்தது அவ்வகையில்தான். அது நீளம் மிகுந்தது; பீரங்கிகள் இல்லாதது. நம் நாட்டுப் போர்விமானமோ ஒருவர் மட்டுமே அமர்வது. காற்று உள்ளே புகும் வாயின் இருபுறமும் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டைத் தாங்கியது. பயிற்சி விமானத்தின் மீது நம் நாட்டு வட்டத்தை ஒட்டி, இதுவே 1965ஆம் ஆண்டுப் போரில் பறந்தது என்று சொல்லிவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்? பார்ப்பவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஆயினும் அம்மாணவன் அதற்கு உடன்படவில்லை. “தெரியாதவர்களிடம் சொன்னாலும் பொய் பொய்தானே, சுவாமி” என்றான். எட்டாம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் நாம் விளக்குவதைவிட இது தெளிவாக இருந்தது.

அடையாளங்களின் வரலாறும் நம்மைச் சிந்திக்க வைத்தது. விமானத்தின் மீது வட்டமும் வண்ணமும் தீட்டுவது அழகுக்காக என்றே நாம் நினைத்திருந்தோம். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தம் விமானங்களில் நாட்டுக் கொடியைத் தீட்டினர். தொலைவிலிருந்து பார்த்தவர்க்கு அக்கொடியின் சிலுவை ஜெர்மானியரின் சிலுவையாகத் தோன்றியது. தம் வீரரைத் தாமே சுடும் நிலை வரவே, 1914இல் வட்ட அடையாளத்திற்கு மாறினர். இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியரின் செவ்வட்டத்தோடு குழம்பாதிருக்க, ஆசியப் போர்முனையில் அவ்வட்டத்தினின்று சிவப்பு வண்ணம் நீக்கப்பட்டது. நம் நாடு குடியரசான 1950ஆம் ஆண்டு முதல் வெளியே காவியும், இடையே வெண்மையும், நடுவே பச்சையும் கொண்ட வட்டம் நிலைபெற்றது. உடன்பிறந்தானை உடன்பிறந்தான் கொல்லாதிருக்க வேண்டுமென்ற அச்சமே இவ்வட்டங்களைப் பிறப்பித்தது. காயீனும் ஆபேலும் நினைவுக்கு வராமற் போவரோ?

அடுத்து விமானத்தின் எண். 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பாகிஸ்தானின் பஸ்ரூர் தளத்தில் நம் நாட் ஒன்று தரையிறங்கியது. ஐ.ஈ.1083 என்னும் எண் கொண்ட அவ்விமானம் கராச்சியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தம் வானூர்திகள் அதை மடக்கி இறக்கின என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. வழிதவறி இறங்கியது என்பது இந்தியத் தரப்பின் கூற்று. அதே நாளில் நம் நாட் ஒன்று எதிரியின் சேபர் விமானத்தை வீழ்த்தியதாக நம் பதிவுகள் கூற, அந்தச் சேபர் பழுதுபட்டும் தளம் திரும்பியது என்று மறுதரப்பு கூறுகிறது. நம் தரப்பின் சொல்லை மட்டும் கேட்டு முடிவு செய்வது வசதியானது. இரு தரப்பையும் கேட்டு எழுதிவைப்பது கடினமானது. குடும்பச் சண்டைகளில் நடுவராக அமர்ந்த அனுபவமுள்ள எவருக்கும் இது புரியும்.

எண்ணைத் தேடுகையில் மனிதர்களும் வந்து நிற்கின்றனர். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகர் தளத்தின் மீது ஆறு சேபர் விமானங்கள் குண்டு வீசின. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையிலேயே நிர்மல்ஜித் சிங் சேகோன் தம் நாட் விமானத்தில் எழும்பி, அவற்றை எதிர்த்துப் போரிட்டு உயிர் நீத்தார். பரம்வீர் சக்கரம் பெற்ற விமானப்படை வீரர் இவர் ஒருவரே. தாய்நாட்டைக் காக்கப் படையில் பணிபுரிவோர் அக்கடமையை முறையாகச் செய்தால் அமைதிக்கே துணைபுரிகின்றனர் என்று, 1965ஆம் ஆண்டு வெளியான ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு கற்பிக்கிறது. அம்மாணவன் அன்று நாட் மாதிரியைத் துடைத்து வைத்த விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. அதை நாம் குறைகூற இயலாது.

பின்னர் அவன் அமெரிக்க ‘பாண்டம்’ விமானத்தைத் தொடங்கினான். வியட்நாம் போர்க் காலத்து விமானம் அது. இப்போதுதான் அவன் தாயார் நம்மிடம் வந்து, “சுவாமி, ஜெபமாலை நேரத்தில்கூட இவனுக்குக் குண்டு நினைப்பாகவே இருக்கிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?” என்று வருந்தினார். “சற்றுப் பொறுங்கள், அம்மா; அவன் தேடி முடிக்கட்டும்” என்றோம்.

ஆயுதங்களுக்கும் அடையாளங்கள் உண்டு. அமெரிக்க முறைப்படி மஞ்சள் பட்டை வெடிமருந்தைக் குறிக்கும். பழுப்புப் பட்டை உந்து மருந்தைக் குறிக்கும். நீலம் வெடிக்காத பயிற்சிக் கருவியைக் குறிக்கும். ஏவுகணையில் இரு பட்டைகளையும் அவன் மயிரிழை தவறாமல் தீட்டினான். அடுத்து, விமானத்தின்கீழ் நீண்ட உருளை ஒன்றைத் தொங்கவிட எண்ணினான். அதன் உள்ளே இருப்பது என்ன என்று தேடியபோதுதான் அவன் கை நின்றது.

அது கொத்துக்குண்டு. பாண்டம் முதலிய விமானங்கள் வீசிய ஓர் உருளையில் பந்தளவான சிறு குண்டுகள் சுமார் 670 இருந்தன. வானில் உருளை திறந்துகொள்ள அவை பரந்து சிதறும். 1964 முதல் 1973 வரை லாவோஸ் என்னும் ஏழை நாட்டின் மீது இருபது இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. அவற்றுள் சிறு குண்டுகள் மட்டும் 27 கோடிக்கு மேல். நூற்றுக்கு முப்பது வரை அப்போது வெடிக்காமல் மண்ணில் தங்கின எனக் கணிக்கப்பட்டுள்ளது. போர் முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும், வயலில் மண்வெட்டி பட்டும், குழந்தைகள் பந்தென எண்ணி எடுத்தும் அவை வெடித்திருக்கின்றன. பட்டையின் நிறம் படித்தறியாத குழந்தைக்கு எச்சரிக்கை தருவதில்லை.

போர்வீரரைப் பாராட்டிய அதே சங்க ஏடு, நகரங்களையும் மக்களையும் வேறுபாடின்றி அழிக்கும் போர்ச் செயலைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமெனக் கண்டிக்கிறது. படைக்கலப் போட்டி ஏழைகளைத் தாங்கொணாத அளவு வருத்துகிறது என்கிறது. கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2008ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் ஓஸ்லோ நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டபோது, அன்றே கையொப்பமிட்டு உறுதிப்படுத்திய முதல்வர்களுள் திருப்பீடமும் ஒன்று. நமது நாடு அதில் இன்னும் சேரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

லாவோஸ் நாட்டில் பான் நாப்பியா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரார் குண்டுகளிலிருந்தும் விமானங்களிலிருந்தும் கிடைத்த அலுமினியத்தை உருக்கிக் கரண்டிகள் வார்க்கின்றனர். வாள்கள் கொழுக்களாகும் காலத்தை எசாயா இறைவாக்கினர் கண்டார் அல்லவா? அதைப் படித்தறியாத உழவர்கள் தம் அடுப்பங்கரையில் அதைச் செய்துவருகின்றனர்.

நாட் விமானத்தை வடிவமைத்த பெட்டரைப் பற்றியும் ஒரு சொல். கான்பெரா என்னும் குண்டுவீச்சு விமானமும் அவர் கைவண்ணமே. அவர் புகழின் உச்சியில் விமானத் தொழிலையே துறந்து, குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து சென்று சமயக் குழு ஒன்றில் இணைந்தார். 1968இல் பிரான்சு நாட்டில் காலமானார். எல்லாரும் அவ்வாறே செய்ய வேண்டுமென்பது நம் கருத்தன்று. கருவியைப் படைத்தவனுக்கும் ஆன்மா உண்டு என்பதை நினைவூட்டவே இதைக் குறிப்பிட்டோம்.

எனவே, அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை போர்விமானம் செய்தால் அதைப் பறித்து எறியாதீர்கள். நுணுக்கம் தேடும் பொறுமையும், பொய்யான அடையாளம் இடமறுக்கும் நேர்மையும் நல்ல விதைகள். ஆனால் தேடல் இறக்கையோடு நின்றுவிட விடாதீர்கள். அருகில் அமர்ந்து, இவ்விமானத்தின் உள்ளே இருந்தவர் யார், இதன் கீழே இருந்தவர் யார் என்று கேளுங்கள். வண்ணத்தில் மயிரிழை தவறாத பிள்ளை, இக்கேள்விகளிலும் தவறமாட்டான்.

அம்மாணவன் கொத்துக்குண்டு உருளையை மாதிரியில் பொருத்தியே வைத்தான். அது உண்மை என்பதால். அதன் அருகே ஒரு சிறு அட்டையில் லாவோஸ் நாட்டின் பெயரையும் 1964–1973 என்னும் ஆண்டுகளையும் எழுதியிருக்கிறான். நாட் விமானத்தின் அட்டையில் இரு நாட்டுப் பதிவுகளும் உள்ளன. வரும் கல்லறைத் திருநாளன்று தம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில், தம் முன்னோர்க்காக மன்றாடிய பின், அந்த அட்டைகளில் உள்ளவர்களுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்ல அவர்கள் முடிவு செய்திருக்கின்றனர்.