அரிசியில் கிடந்த கல்

2022-ஆம் ஆண்டு, ரமளான் மாதத்தின் நடுப்பகுதி. ஏப்ரல் வெயில் காஞ்சிபுரத்தை வாட்டிக்கொண்டிருந்தது. அன்று எங்கள் வீட்டில் நோன்பு திறப்பதற்காக நாத்தனார் குடும்பத்தாரும் அண்டை வீட்டுப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, எல்லோரும் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தோம். இரண்டாம் மிடற்றிலேயே நாத்தனார் முகத்தைச் சுளித்தார். வாயிலிருந்து எடுத்து அவர் தட்டோரத்தில் வைத்தது ஒரு கல். சற்று நேரத்தில் என் மாமிக்கும் ஒன்று அகப்பட்டது.

அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிக் கொடுத்தவர் எங்கள் வீட்டில் உதவிக்கு இருக்கும் அம்மையார். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் அவரை நான் "அக்கா" என்றே அழைப்பேன். அன்று அந்த மரியாதை என் நாவில் இல்லை. விருந்தினர் அனைவரும் கேட்கும்படி, "கண் முகத்தில் இருக்கிறதா, பிடரியில் இருக்கிறதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. மிச்சமிருந்த பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நாள்தோறும் பேரப்பிள்ளைக்கென்று அவர் கொண்டுபோகும் கஞ்சித் தூக்கு அலமாரியின் மேலேயே இருந்தது. நாங்கள் நோன்பு வைத்திருக்கிறோம் என்பதற்காக, மாற்று மதத்தவராக இருந்தும், அந்த மாதம் முழுவதும் எங்கள் கண்முன் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்காத பெண்மணி அவர்.

அந்த ஒரு கல்லுக்காக மட்டும் நான் கோபப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் எங்களிடம் வந்தது 2020-ஆம் ஆண்டின் இறுதியில். ஊரடங்கினால் பட்டுத் தறிகள் ஓசையடங்கிப் போன ஆண்டு அது. பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்து வாழ்ந்த குடும்பம், வேறு வழியின்றி வீட்டு வேலைக்கு வந்தது. நேரம் தவற மாட்டார். பத்துப் பைசா பொருளுக்கும் ஆசைப்பட மாட்டார். ஆனால் தவறுகள் மட்டும் ஓயவில்லை. சொன்னால் தலையசைப்பார், மறுவாரம் அதே தவறு மீண்டும் நடக்கும். ஒருமுறை பீங்கான் கிண்ணத்தை உடைத்தபோது, "இனியாவது கவனம் வரட்டும்" என்று சம்பளத்தில் 200 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் கவனம் வரவில்லை.

அன்றிரவு, பெருநாள் கழிந்ததும் அவரை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். இரக்க குணம் படைத்த என் கணவர் எளிதில் இசைய மாட்டார். எனவே, தராவீஹ் தொழுகைக்குப் பின், பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருடைய தவறுகளை வரிசையாக எழுதத் தொடங்கினேன். அரிசியில் கல். பருப்பில் வண்டு. தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய பற்று. மீனில் செதில். பையனின் சட்டையில் நிறம் மாறித் தைத்த பொத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமிக்குச் சர்க்கரை மாத்திரை அட்டைக்குப் பதில் வேறொரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தது. மாமி விழுங்குவதற்கு முன் பார்த்துவிட்டதால் அல்லாஹ்வின் அருளால் ஆபத்து நேரவில்லை.

"என்ன எழுதுகிறாய்?" என்று மாமி கேட்டார். படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, நாமெல்லாம் அறிந்த செய்தி ஒன்றை நினைவூட்டினார். பணியாளரின் பிழையை எத்தனை முறை பொறுப்பது என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார். அண்ணலார் மௌனமாக இருந்தார்கள். அவர் மீண்டும் கேட்டபோதும் மௌனமே. மூன்றாம் முறை கேட்டபோதுதான், நாளொன்றுக்கு எழுபது தடவை பொறுக்க வேண்டும் என்ற கருத்தில் விடையளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது.

"மாத்திரையில் பிழை நேர்ந்தால் எழுபது முறை பொறுக்க உயிர் இருக்க வேண்டுமே, மாமி!" என்றேன். மாமி சிரித்தார். "அதுவும் சரிதான். ஆனால் என் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவள் வேலையா, உன் வேலையா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல இயலாமல் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தப் பட்டியலில் இருந்த ஒன்று புலப்பட்டது. எழுதியிருந்தவை அனைத்தும் சிறியவை. அனைத்தும் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்க்க வேண்டியவை. தூரத்து வேலைகளில் ஒரு பிழையும் இல்லை! கூடத்து உத்தரத்தில் நூலாம்படை தங்கியதில்லை. மாடியில் காயும் வற்றலில் காகம் இறங்கினால் முற்றத்திலிருந்தே கண்டு விரட்டுவார். தெருக்கோடியில் கீரைக்காரர் வருவதை எனக்கு முன்னால் அவர்தான் பார்ப்பார்.

மறுநாள் அவர் வழக்கம்போல் வந்தார். நான் ஒன்றும் பேசாமல் கவனித்தேன். முறத்தை மடியில் வைக்காமல், கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் போய் நின்றார். பார்வையால் தேடாமல் விரல்களால் அரிசியைத் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அருகில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, கிட்டத்தில் இருப்பது உங்களுக்குச் சரியாகத் தெரிகிறதா?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

அவருடைய கை நின்றது. "தெரியலைம்மா. நாலஞ்சு வருஷமாவே தெரியலை. கண்ணு மங்கிப்போச்சுன்னுதான் தறியில என்னை இழை சேர்க்க விடாம நிறுத்தினாங்க. இங்கேயும் சொன்னா, நீங்களும் நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார்.

காஞ்சிப் பட்டின் சிறப்பைப் பிறர் அறிவர்; அதற்குக் கொடுக்கப்படும் விலையை இவ்வூரார் நாம் அறிவோம். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று இருக்கும் புடவையில் இரண்டையும் கோத்து நெய்வது கோர்வை. ஒரே குழித்தறியில் இருவர் இருந்து நாடாவை எறிவார்கள். முந்தானை மற்றொரு நிறமானால், பாவின் பழைய இழைகளோடு புதிய நிற இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது பெட்னி. தலைமுடியினும் மெல்லிய இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுமியாக இருந்தபோதே தறியருகே உட்கார்ந்தவர், ஐம்பது வயதை நெருங்கும் வரை அந்த வேலையைத்தான் செய்திருக்கிறார். அத்தகைய கண்களைப் பார்த்துத்தான், பிடரியில் இருக்கிறதா என்று நான் கேட்டிருந்தேன்.

அந்த வாரமே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நாற்பது வயதையொட்டிக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழப்பதால், அருகில் உள்ளவை மங்கலாகத் தோன்றும். நம் வீட்டுப் பெரியவர்கள் சாளேசுரம் என்றும் வெள்ளெழுத்து என்றும் சொல்வது இதைத்தான். தூரப் பார்வை நன்றாகவே இருக்கும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் எழுவதில்லை. கண்புரையோ சர்க்கரை நோயின் பாதிப்போ உண்டா என்றும் சோதித்தார்கள், அல்ஹம்துலில்லாஹ், இல்லை. சில நூறு ரூபாயில் ஒரு கண்ணாடி கிடைத்தது.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. கிட்டப் பார்வைக்கான கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் கொழுந்து பறித்தார்கள் என்று அது கண்டது. கண்ணாடி பெறாதவர்களும் உழைப்பாளிகளே. அவர்களுக்குக் கொழுந்து சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சகோதரிகளே! அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுக் காலம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறை கூட அண்ணலார் தம்மிடம் சலித்துக்கொண்டதில்லை. இதை ஏன் செய்தாய், இதை ஏன் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என அவர்களே சான்று கூறியுள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் காணப்படும் செய்தி இது. முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது, ஏன் என்றே கேட்காவிட்டால் வீடு எப்படி நடக்கும் என்று எண்ணியதுண்டு. இப்போது எனக்கு விளங்குகிறது. ஏன் என்ற ஒரே சொல்லை வசையாகவும் கேட்கலாம், விசாரிப்பாகவும் கேட்கலாம். "கண் இருக்கிறதா?" என்று விருந்தினர் முன்னிலையில் கேட்டேன், கிடைத்தது மௌனம். "கண் தெரிகிறதா?" என்று அருகில் உட்கார்ந்து கேட்டேன், உண்மை கிடைத்தது.

ஒருமுறை நேரும் தவறு கவனக்குறைவாக இருக்கலாம். சொல்லியும் ஒரே வகையில் மீண்டும் மீண்டும் நேர்ந்தால், அதற்குக் கீழே ஒரு காரணம் இருக்கக்கூடும். கண்ணாக இருக்கலாம், காதாக இருக்கலாம், எழுத்தறியாதவரிடம் எழுதி ஒட்டிய டப்பாவாக இருக்கலாம், ஒருவருக்கு இருவர் வேலையை நாம் ஏவுவதாகவும் இருக்கலாம். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது அபூதர் (ரலி) அவர்கள் வழி நமக்கு வந்த போதனையல்லவா? கண்டிப்பதற்கு முன் தவறுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கண்டிக்க நேர்ந்தால் தனியே கண்டியுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007-இல் நல வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்டவர்களுக்குள்ள உதவிகளில் மூக்குக் கண்ணாடிக்கான உதவித்தொகையும் ஒன்று. நம் வீட்டில் உழைப்பவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவு செய்ய உதவுவது நம் கடமை.

நான் பிடித்த 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் எண்ணினேன். ஆனால் மாமி விடவில்லை. "பேசியது பத்துப் பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் கதவுக்குப் பின்னாலா?" என்றார். பெருநாளன்று நாத்தனார் வந்திருந்தபோது, அவர் முன்னிலையிலும் அன்று வந்திருந்த அண்டை வீட்டார் முன்னிலையிலும், தவறு என்னுடையது என்று சொன்னேன். சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அக்காவோ, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கூச்சத்துடன் உள்ளே போய்விட்டார். அன்று மாலை தம் தூக்கில் பிரியாணியை நிரப்பி எடுத்துக்கொண்டு போனார். கல் அகப்பட்ட அந்த நாளுக்குப் பிறகு அவர் அந்தத் தூக்கைத் தொட்டது அன்றுதான்.

இப்போது எங்கள் வீட்டு அரிசியில் கல் இல்லை. மாமியின் மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனாலும் அக்கா அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார். அது வாரம் இருமுறையாவது பொங்கி வழியும். அதற்குக் கண்ணாடி இல்லை. எழுபது முறை பொறுப்பது அதற்குத்தான் என்று எண்ணிக்கொள்கிறேன்.

நம் கீழ் உழைப்பவர்களின் குறையை ஆராயும் முன் நம் குறையைக் காணும் பார்வையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.