வரி ஆபீஸிலிருந்து போன் வந்தால்

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள், ஆனால் முழுசாகப் படியுங்கள்.

வகுப்பில் "யார் இந்தக் கண்ணாடியை உடைச்சது?" என்று நான் அதட்டினால், உடைத்தவன் சும்மா உட்கார்ந்திருப்பான். எதுவும் செய்யாத பிள்ளைதான் முதலில் அழும். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த காட்சி இது. வருமான வரி அதிகாரி என்று பொய் சொல்லி போன் செய்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் இறங்கியிருக்க மாட்டார். போன மாதம் அவருக்கு ஒரு போன். "நுங்கம்பாக்கம் ஆயகர் பவன்லேர்ந்து பேசறோம். உங்க பழைய கணக்குல வரி பாக்கி இருக்கு. வாரண்ட் ரெடி. இரண்டு மணி நேரத்துல கட்டலைன்னா போலீஸ் வரும். போனை வைக்காதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க." அவருடைய பான் எண்ணையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொன்னார்களாம். அதில்தான் நம்பிவிட்டார். சிம் கார்டு, லோன், வாடகை ஒப்பந்தம் என்று எத்தனை இடத்தில் பான் கார்டு ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறோம்! அது தெரிந்தவர் எல்லாம் அதிகாரி ஆகிவிட முடியுமா?

இரண்டு தவணையாக யூபிஐயில் 46,000 ரூபாய் அனுப்பிவிட்டார். பணம் போனதை விட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். மூன்று நாள் அண்ணிக்குக் கூடச் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, சுகர் ஏறிவிட்டது. அண்ணி வந்து "என்னன்னு கேளு டீச்சர்" என்று அழுத பிறகுதான் விஷயமே தெரிந்தது. அங்கேயே உட்காரவைத்து 1930க்குப் போன் போட்டோம். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், எந்த வங்கிக் கணக்கு என்று கேட்டார்கள். புகார் எண் தந்தார்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகளை ஏற்றினோம்.

1930க்குச் சொன்னவுடன் தகவல் வங்கிகளுக்குப் போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்திவைக்கிறார்கள். திருடர்கள் அதை நாலைந்து கணக்குக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் கஷ்டம். அண்ணன் விஷயத்தில் 7,000 ரூபாய்தான் நின்றது. முதல் நாளே சொல்லியிருந்தால் கூட நின்றிருக்கலாம். அவருடைய மகன் "இவ்வளவு படிச்சும் இப்படியா?" என்று கத்தினான். அவன் என் மாணவன்தான், இதைப் படிப்பான். தம்பி, அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் உங்க அப்பா மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

நிஜமான வருமான வரித்துறை எப்படித் தொடர்புகொள்ளும்? நோட்டீஸ் மின்னஞ்சலிலும், நம் இ-ஃபைலிங் கணக்கிலும் வரும். 1.10.2019 முதல் கடிதங்களில் 'டின்' என்ற ஆவண எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் போட்டால், கடிதம் அசலா போலியா என்று துறையின் இ-ஃபைலிங் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பாக்கி இருந்தாலும் கட்டுவதற்குப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும், யாரோ ஒரு ஆளின் யூபிஐக்கு அல்ல. வீடியோ காலில் உட்காரவைத்து 'டிஜிட்டல் கைது' என்கிறார்களே, அப்படி ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. ரீஃபண்ட் வந்திருக்கிறது என்று லிங்க் அனுப்பினாலும் தொடாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும்தான். அங்கே 'ஐஆர்எஸ்' என்று சொல்லி மிரட்டிய ஒரு பெரிய கும்பல் உட்கார்ந்திருந்தது நம் நாட்டில், மும்பை பக்கத்தில் மீரா ரோட்டில். 2016 அக்டோபரில் தாணே போலீஸ் அந்த கால் சென்டர்களில் நுழைந்து 700க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து விசாரித்தது. கிஃப்ட் கார்டு வாங்கவைத்து, அதன் எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் அவர்கள் வேலை. இப்படி இந்தியாவிலிருந்து நடந்த மோசடிக்கு அங்கிருந்து உதவியவர்களில் 21 பேருக்கு 2018 ஜூலையில் அமெரிக்க நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. சிலருக்கு 20 வருஷம் வரை. மீரா ரோட்டில் போனில் பேசியவர்களில் நிறையப் பேர் இருபது வயசுப் பிள்ளைகள். அவர்களும் யாரோ ஒரு டீச்சரிடம் படித்தவர்கள்தானே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

பணம் போகவில்லை, மிரட்டல் மட்டும்தான் வந்தது என்றாலும் விட்டுவிடாதீர்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். ஐந்து நிமிஷ வேலை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் நேரில் போக வேண்டுமென்றால் ஆவடி காவல் ஆணையரகத்திலேயே சைபர் கிரைம் பிரிவு இருக்கிறது. வேறு எங்கும் அலைய வேண்டாம்.

1930 என்ற எண்ணையும், புகாருக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அண்ணன் வீட்டு காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். அதன் போட்டோ கீழே இருக்கிறது. பெற்றோர் வீட்டில் ஒட்ட நினைப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்து கரும்பலகையில் இருந்த மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.