வேளச்சேரி டூ செம்மங்குப்பம்

"மெட்ராஸை விட்டுட்டு அங்க போயா?" என்று கேட்காத ஆளில்லை. வேளச்சேரி அபார்ட்மென்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. இங்கே வந்த மறுநாளே எதிர்வீட்டு அக்கா, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்றார். பதில் சொல்வதற்குள் ஒரு கிண்ணம் சங்கரா மீன் குழம்பு வந்துவிட்டது. மீன், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் இறங்கியதாம்.

கடலூர்–சிதம்பரம் சாலைமேலேயே ஊர். ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச், மார்கழியில் சிதம்பரத்தில் தேர். பொழுதுக்குப் பஞ்சமில்லை.

ரயில்வே கேட்டை மட்டும் சும்மா கடந்துபோக முடிவதில்லை. 2025 ஜூலை 8 காலை, பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 பிள்ளைகள் போன இடம். டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. கேட் திறந்திருந்தாலும் நான் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

வாடகையா? அங்கே கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் பக்கத்திலேயே ரசாயன ஆலைகள். இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் ராத்திரியில் ஒருதரம் வந்து, காற்றை மோந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.