மாமியார் கேட்ட அருவி

கொல்லிமலைக்குப் போகிற உத்தேசமுள்ள சகோதரிகளே, இதை ஒரு நிமிஷம் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

எங்கள் பிரயாணத்துக்குக் காரணம் என் மாமியார்தான். சிறு வயதில் அவருடைய தகப்பனார் அறப்பளீசுர சதகத்தை மனப்பாடம் செய்ய வைத்தாராம். அதிலுள்ள சுவாமியை ஒரு தரம் தரிசித்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகு நாளைய ஆசை.

மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! என் சின்னப் பெண் உற்சாகமாக எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழம் கேட்டாள்.

தரிசனம் ஆயிற்று. கோவிலுக்குப் பக்கத்திலிருந்தே ஆகாய கங்கைக்குப் படிகள் இறங்குகின்றன. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து குதிக்கிற இடம் அது. படிகளோ ஆயிரத்துக்கு மேல்! மாமியார் படியைப் பார்த்தார். தம் முழங்காலைப் பார்த்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் இறங்கினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கள் போய் வாருங்கள். எனக்குச் சத்தம் கேட்டால் போதும்" என்றார்.

கீழே போனோம். அருவியின் அழகை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நனைந்த புடவை காலைத் தடுக்க அத்தனை படியும் ஏறினேனே, அதை என் விரோதிக்கும் விதிக்க மாட்டேன். ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் தெளித்துக்கொண்டார்.

"இங்கே ஒரு ரோப் கார் போட்டுவிட்டால் எவ்வளவு சௌகரியம்!" என்றார் என் கணவர்.

"அதெல்லாம் எதுக்குடா? ஐம்பது படிக்கு ஒரு திண்ணை கட்டச் சொல்லு. பொழுது சாய்ந்தாலும் நானே இறங்கிப் போய்விடுவேன்" என்றார் மாமியார்.

நான் வாயடைத்துப் போனேன். இப்போது எந்த அருவிக்குப் போனாலும் ஏதாவது வேலை நடந்துகொண்டிருக்கிறது. கார் நிறுத்த இடம், கடைகள், படம் எடுத்துக்கொள்ள மேடை, எல்லாம் வருகின்றன. யாரை மனத்தில் வைத்து இவற்றைச் செய்கிறார்கள்? நமக்கு வேண்டியது ஓர் உறுதியான கைப்பிடி, உட்காரத் திண்ணை, தாழ்ப்பாள் போடக்கூடிய உடை மாற்றும் அறை, சுத்தமான கழிப்பிடம். இவ்வளவுதானே? நீங்களே சொல்லுங்கள். இவற்றுக்காக அருவியின் பாறையில் ஒரு துண்டைக்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை.

நம் பங்கும் ஒன்று உண்டு. ஷாம்பு உறைகளையும் பழந்துணியையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அந்த ஐயாறுதான் கீழே புளியஞ்சோலைக்குப் போகிறது. அங்கேயும் ஒரு மாமியார் குளிக்க வந்திருப்பார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, என் மாமியார் அடுத்த வீட்டு அம்மாளிடம், "ஆகாய கங்கையில் ஸ்நானம் பண்ணிவிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டில் சமாசாரத்தை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!