சாலபேகரின் விண்ணப்பம்

ஒடிய மொழியில் ‘ஜணாண’ என்றொரு பாடல் வகை உண்டு. இறைவன் திருமுன் வைக்கும் முறையீடு, விண்ணப்பம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அவ்வகையில் ஒடிசாவின் ஊர்தோறும் ஒலிப்பது சாலபேகரின் ‘ஆஹே நீள சைள’. (ஒடியத்தில் நமக்குள்ளதுபோல் ளகரம் உண்டு, ஆகவே ‘நீல சைல’ என்று எழுதினால் ஒலி கெடும். ‘நீள’ என்பதற்கு அங்கே நீலம் என்றே பொருள்.) நீலமலை என்பது புரி ஜகந்நாதர் வீற்றிருக்கும் மேடு.

பாடலின் தொடக்கம் வியப்பூட்டுவது. மதங்கொண்ட யானையாக இறைவனை விளிக்கும் கவிஞர், தம் துயரமாகிய தாமரைக் காட்டை மிதித்து அழிக்குமாறு வேண்டுகிறார். திருவடிக்கும் உள்ளத்துக்கும் உவமையாகிப் பழகிய தாமரை இங்கே துயரத்துக்கு உவமையாகிறது. அடுத்து வருவது கஜேந்திரன் கதை. சற்றுமுன் இறைவனே யானை. இப்போது முதலையின் பிடியில் சிக்கி அவனை அழைப்பது யானை. இத்திருப்பத்தை உரைகாரர் போலப் பிரித்துக் காட்டாமல் பாடகர்கள் கடந்துவிடுகிறார்கள், அதுவே அழகு.

பின்னர் முன்னுதாரணங்கள் அடுக்கப்படுகின்றன: காட்டில் ஆபத்துக்குள்ளான மான், குரு சபையில் திரௌபதி, விபீடணன், பிரகலாதன். இறுதி இருவரும் எதிரியின் இல்லத்தில் பிறந்தவர்கள் என்பதைத் தற்செயல் எனக் கொள்ள இயலவில்லை. ஏனெனில் முத்திரை அடியில் கவிஞர் தம்மை இழிந்த சாதியினன், யவனன் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். 17ஆம் நூற்றாண்டினரான அவர், முகலாயப் படைத்தலைவர் ஒருவருக்கும் அந்தணக் கைம்பெண் ஒருவருக்கும் பிறந்தவர் என்பது மரபு.

கோயிலுக்குள் நுழைய அவருக்கு உரிமை இல்லை. இந்து அல்லாதோர்க்கு இன்றும் இல்லை. சிங்க வாயிலில் வெளியில் நிற்போர்க்கும் தெரியுமாறு பதிதபாவனர் திருவுரு இருக்கிறது. தேர்த்திருவிழாவில் மூர்த்திகளே வீதிக்கு வருகிறார்கள். ஆயினும், மத நல்லிணக்கச் சொற்பொழிவுகளில் இப்பாடலை மேற்கோள் காட்டுவோர் அந்த ‘இழிந்த’ என்னும் சொல்லை மெல்ல விழுங்கிவிடுவது நேர்மையன்று. அதை எழுதியவர் விழுங்கவில்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று: பாடலில் எங்குமே அவர் உள்ளே விடுமாறு கேட்கவில்லை.

பிருந்தாவனத்திலிருந்து திரும்பும் வழியில் நோயுற்ற சாலபேகர், தாம் வரும்வரை காத்திருக்குமாறு வேண்ட, ஜகந்நாதரின் நந்திகோஷத் தேர் நகராமல் நின்றதாம். பெருவீதியில் பாலகண்டி அருகே அவர் சமாதி உள்ளது. பதினாறு சக்கரங்கள் கொண்ட அத்தேர் ஆண்டுதோறும் அங்கே சிறிது நேரம் நிற்கிறது. பிறகு வடங்கள் மீண்டும் இழுபட, குண்டிசா கோயிலை நோக்கி நகர்கிறது.