கைப்பிடிச்சுவர்

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யவே தடை. கோடையில் நடக்க வழியில்லாமல், ஷார்ஜா பிளாட்டில் ஒரு டிரெட்மில் வாங்கினோம். இடம் மிச்சம் என்று அதன் பின்புறத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தோம்.

ஒரு மாலை, ஒரு நிமிடம்தானே என்று நிறுத்தாமலே தண்ணீர் குடிக்கப் போனோம். பின்னால் உருண்ட பந்தை எடுக்கக் கை நீட்டிய நான்கு வயதுத் தங்கையின் உள்ளங்கைத் தோலை ஓடும் பெல்ட் உரித்துவிட்டது. விரல்கள் தப்பின, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

புது வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வேண்டும் என்கிறது உபாகமம் 22:8. விழுகிறவர்மேல் அல்ல, கட்டுகிறவர்மேலேயே அது பொறுப்பை வைக்கிறது.

இப்போது பின்னால் இரண்டு மீட்டரும், இருபக்கமும் அரை மீட்டரும் காலியாக விட்டிருக்கிறோம். எக்ஸ்டென்ஷன் வயர் இல்லை; நேரே சுவர் பிளக்தான். ஓரப் பலகைகளில் நின்று, பாதுகாப்புச் சாவியின் கிளிப்பைச் சட்டையில் மாட்டி, குறைந்த வேகத்தில் தொடங்குகிறோம். தவறி விழுந்தால் சாவி கழன்று பெல்ட் நின்றுவிடும். முடிந்ததும் சாவி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

குடும்ப ஜெபத்தில் கைகோர்க்கும்போது அவளுடைய தழும்பு எங்கள் கையில் படுகிறது. உங்கள் வீட்டுச் சாவி இன்றிரவு எங்கே இருக்கிறது?