தூரிகையின் வயிறு

முகலாயச் சிற்றோவியங்களைப் பார்ப்பவர்கள் "ஒற்றை முடித் தூரிகையால் வரைந்தது" என்று வியந்து சொல்வதுண்டு. ஒற்றை முடியில் மை நிற்காது. ஜெய்ப்பூரில் அணில் வால்முடியால் கட்டும் தூரிகையில் ஒரு கற்றையே இருக்கும். நடுவில் புடைத்து, நுனியில் மட்டும் ஓரிரு முடியாகக் குவிந்திருக்கும். மையைத் தேக்கி வைப்பது அந்த வயிறு. சியாஹ் கலம் என்னும் கறுப்பு மைச் சித்திரத்தில் நான் கற்றதெல்லாம் அதை எங்கே அழுத்துவது, எங்கே தூக்குவது என்பதைத்தான்.

ஆகவே, கோட்டின் மெலிவை மட்டும் பாராட்டும்போது எனக்கு மனம் நிறைவதில்லை. தடிப்பும் மெலிவும் மாறுவதில்தான் உயிர் இருக்கிறது. தப்ரீஸிலிருந்து உஸ்மானிய அரசவைக்குப் போன ஷா குலியின் பெயரோடு இணைந்த ஸாஸ் பாணியைப் பாருங்கள். நீண்டு வளைந்த ரம்பப்பல் இலையின் நடுநரம்பு திருப்பத்தில் கறுத்துத் தடிக்கும், நுனியில் காற்றாய்க் கரையும். வண்ணம் ஏதும் இல்லாமலே இலை புரள்வது தெரியும். இஸ்ஃபஹானில் ரிஸா அப்பாஸி, இடைக்கச்சையின் மடிப்புகளையும் தலைப்பாகையின் தொங்கல்களையும் இப்படித்தான் இழுத்தார். வண்ண ஓவியத்தில் பிசகிய கோட்டின்மேல் பூச்சு ஏறிவிடும். மைச் சித்திரத்தில் அந்த மறைவு கிடையாது.

மை எளியது: விளக்குப் புகைக்கரியும் கருவேலம் பிசினும். பிசின் மிகுந்தால் காய்ந்ததும் வெடிக்கும், குறைந்தால் விரல் பட்டாலே அழியும். கோதுமைப் பசையால் தாள்களை அடுக்கி ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய வஸ்லியில் மை உள்ளே ஊறாமல் மேலேயே நிற்கும். நிழல் கொடுக்கும் பர்தாஸ் வேலைக்கு, நீர்த்த மையில் பொடிப் பொடிக் கோடுகளை அடுக்கடுக்காக வைக்கிறோம். முந்தைய அடுக்கு காயாமல் தொட்டால் பிசின் இளகி, அடியிலிருப்பதும் கிளம்பிவிடும். காய்ந்த பிறகும் தூரிகையை அங்கே தயங்க விடக்கூடாது.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் குல்ஷன் ஓவியத் தொகுப்பின் பெரும்பகுதி இப்போது தெஹ்ரானில் இருக்கிறது. அதன் படங்களைவிட அவற்றைச் சுற்றிய ஓரங்களே என்னை இழுக்கின்றன. பொன் கொடிகளுக்கு நடுவே அங்கங்கே மனித உருவங்கள். அலங்கார இடம்தானே என்று கை எங்கும் சோம்பவில்லை.

கற்க வருபவர்கள் கண்ணும் இமைமுடியும் வரையவே ஆசைப்படுகிறார்கள். நான் ஸாஸ் இலையைத்தான் முதலில் கொடுக்கிறேன். கூராகத் தொடங்கி, நடுவில் தடித்து, கூராகவே முடியும் ஒரே இழுப்பு. இமைமுடியைத் தனிப்பாடமாக நான் நடத்துவதில்லை. இலைநுனியை முடிக்கப் பழகிய கைக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டதில்லை.